வல்: இரண்டெழுத்துச் சொல்லும் அதன் மேல் விழுந்த சூதாட்டப் பழியும்

பொங்கல் லீவுக்கு வல்லம் போயிருந்தப்ப, அட்டையில் எழுத்து வெட்டி ஸ்கிராபிள் மாதிரி ஒரு ஆட்டம் ஆடினோம். நான் ‘வல்’ வச்சேன். வ-வுக்கு ரெண்டு, ல்-லுக்கு ஒண்ணு, மூணே மூணு பாயிண்ட். அதுக்கே பொண்ணு ஒத்துக்கல. “அப்படி ஒரு வார்த்தையே இல்லப்பா. வல்லவன்னு வை.” மொபைலில் அகராதியைக் காட்டினேன். வலிமை, திறமை, அப்புறம் ‘சூதாடு கருவி’. திண்ணையில் இருந்த எங்கப்பா “என்னடா, பசங்களுக்குச் சூதாட்டமா சொல்லித் தர்ற?” என்றார்.

இந்தச் ‘சூதாடு கருவி’யோடுதான் எனக்குச் சண்டை.

தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் இந்தச் சொல்லுக்குத் தனி விதியே இருக்கிறது. வல் என்பது நாய், பலகை என்ற சொற்களோடு சேரும்போது வல்லநாய், வல்லப்பலகை என்றும் வரலாமாம். பலகை சரி, நாய் எதுக்கு? புறநானூறு 52-ஐப் படித்தால் புரியும். பாண்டியன் மாறன் வழுதியின் கோபத்துக்கு ஆளான நாடு காடாகிவிட்டது. ஊர்ப் பொதியிலில் நரைத்த கிழவர்கள் ‘நாய்’ வைத்து வைத்துக் குழி விழுந்த வல் ஆடும் இடத்தில், இப்போது காட்டுக்கோழி முட்டையிடுகிறது. நாய் என்பது ஆட்டக்காய். இது தெரியாமல் படித்தால் கிழவர்கள் ஏதோ நாயைக் கட்டிப்போட்டதாகத்தான் தோன்றும். பாட்டே போச்சு.

அகநானூறு 377-லும் இதே காட்சிதான். தலை நடுங்கும் முதியவர்கள் குனிந்து யோசித்து ஆடிய வல்லு, கறையான் அரித்துக் கிடக்கிறது. ரெண்டு பாட்டிலும் பணயம் இல்லை, தோற்றுத் தெருவுக்கு வந்தவன் இல்லை. காலியான ஊருக்கு அடையாளமாகப் புலவர்கள் சூதாட்டக் களத்தையா தேர்ந்தெடுப்பார்கள்? ஊர்ப் பெரியவர்கள் நிம்மதியாகப் பொழுது போக்கிய இடம் பாழானால்தானே நெஞ்சு கனக்கும்! வள்ளுவர் சூதைத் திட்டிப் பத்து குறள் எழுதினார். அதில் கவறு வருகிறது, கழகம் வருகிறது, வல் வரவில்லை. எனவே ‘பலகை ஆட்டம், அதன் கருவி’ என்பதே முதல் பொருளாக இருக்கவேண்டும் என்பது என் கட்சி. காசு வைத்து ஆடினால் எதுவும் சூதுதான், கேரம் உட்பட.

காய்க்கு மிருகப் பெயர் வைப்பதிலும் ஆச்சரியம் இல்லை. இன்னும் கோயில் கல்லில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடுகிறோமே. பழைய கிரேக்கர்களும் ‘போலிஸ்’ என்ற ஆட்டத்தில் காயை நாய் என்றுதான் சொன்னார்கள். உடனே “இங்கிருந்து போனது” என்று ஃபார்வேர்டு போட்டுடாதீங்க. எங்க ஊர்ப் பேரையும் வல்லோடு முடிச்சுப் போடவேண்டாம். தஞ்சாவூர் பக்கம் ஒரு வல்லம், செங்கல்பட்டு பக்கம் ஒரு வல்லம் இருக்கு. எல்லாருமா பலகையோட உட்கார்ந்திருந்தாங்க?

சரி, ஆட்டத்துக்கு வருவோம். பேச்சில் இல்லாத சொல்லை அனுமதிக்கலாமா? ஆங்கில ஸ்கிராபிளில் க்யூ, ஐ என்ற ரெண்டே எழுத்தில் ஒரு சொல் உண்டு. சீன மரபில் உயிராற்றலைக் குறிப்பது. 2006-ல் வட அமெரிக்கப் பட்டியலில் சேர்ந்தது, 11 பாயிண்ட். அதை வைக்கிறவர்களில் எத்தனை பேர் வாயால் சொல்லியிருப்பார்கள்? தொல்காப்பியமே சாட்சி சொல்லும் சொல்லுக்கு நம்ம பலகையில் இடம் இல்லையென்றால் எப்படி? (கணினிக்கு இது மூணு குறியீடு: வ, ல, புள்ளி. எழுத்தெண்ணத் தெரியாத செயலி இதை மூன்றெழுத்து என்றே சொல்லும்.)

வல்லின் மதிப்பு அந்த மூணு பாயிண்டில் இல்லை. முன்னால் ஒரே ஒரு எழுத்து போதும்: அவல், ஆவல், ஏவல், காவல், தாவல், நாவல். பின்னால் வைத்தால் வல்ல, வல்லு. சின்னச் சொல் ஒன்று இத்தனை பக்கம் கதவைத் திறந்து விட்டால், வைத்தவனுக்கு ஆபத்தும் அதுதான்.

அரைமனதாக ஒத்துக்கொண்ட பொண்ணு, அடுத்த முறையிலேயே முன்னால் ‘சே’ வைத்து, சேவல் என்று ஒன்பது பாயிண்ட் அள்ளிக்கொண்டு போனாள்.