ஆண்பனையும் தாதும்: திருவோத்தூர்த் தொன்மத்தை முன்வைத்து இலக்கியத் தாவரவியல் வாசிப்புகள் குறித்து ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

பண்டைத் தமிழ் இலக்கியத்தில் மகரந்தச் சேர்க்கை பற்றிய அறிவு இருந்தது என்னும் கருத்து அண்மைக்கால ஆய்வுக் கட்டுரைகளில் பரவலாக எடுத்தாளப்படுகிறது. வண்டு, தாது ஆகிய சொற்களின் பயன்பாட்டையும் திருவோத்தூர் ஆண்பனைத் தொன்மத்தையும் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. தாவரத்தில் ஆண், பெண் வேறுபாட்டை அறிந்திருத்தலும் அவ்விரண்டுக்கும் இடையே நிகழ்வதை அறிந்திருத்தலும் வெவ்வேறு அறிவுகள் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: பனை, ஆண்பனை, தாது, மகரந்தம், சூல், திருவோத்தூர், பெரியபுராணம், அயல்மகரந்தச் சேர்க்கை

சிக்கல்

சங்க இலக்கியத் தாவரங்களை இனங்காணும் பணியில் பி.எல். சாமி, கு. சீநிவாசன் ஆகியோரின் நூல்கள் இன்றும் அடிப்படையானவை. பாடலில் வரும் ஒரு பூவின் நிறம், இதழமைப்பு, பூக்கும் பருவம், வளரும் நிலம் ஆகியவற்றை ஒப்பிட்டு அதன் தாவரவியற் பெயரை அடைவது இவர்களது முறை. கவிஞன் கண்ணால் கண்டதை ஆய்வாளரும் கண்ணால் கண்டு சரிபார்க்கும் முறை இது.

இவர்களை மேற்கோள் காட்டி எழுதப்படும் பின்வந்த கட்டுரைகள் பல இந்த எல்லையில் நிற்பதில்லை. வண்டு தாது ஊதும் காட்சி ஒன்றைப் பாடலிலிருந்து எடுத்து, மகரந்தச் சேர்க்கையின் வரையறையைப் பள்ளிப் பாடநூலிலிருந்து எடுத்து, இரண்டையும் அடுத்தடுத்து வைத்து, 'எனவே தமிழர் மகரந்தச் சேர்க்கையை அறிந்திருந்தனர்' என்று முடிக்கும் கட்டுரையைக் கருத்தரங்கத் தொகுதிகளில் பலமுறை படித்திருக்கிறேன். முதுகலை மாணவனாக இருந்தபோது நானும் அப்படி ஒன்றை எழுதி வாசித்தேன் என்பதைச் சொல்லிவிடுவது நேர்மை. காட்சிக்கும் வரையறைக்கும் நடுவே உள்ள 'எனவே' எங்கிருந்து வந்தது என்று அரங்கில் ஒருவரும் கேட்கவில்லை.

தாது, மகரந்தம், சூல்

முதலில் சொற்கள். ஒரு பூவின் தூள் அதே பூவின் சூலக முடியையோ, அதே செடியிலுள்ள வேறொரு பூவின் சூலக முடியையோ அடைவது தன்மகரந்தச் சேர்க்கை. அதே இனத்தின் வேறொரு செடியிலுள்ள பூவை அடைவது அயல்மகரந்தச் சேர்க்கை. இத்தொடர்களில் வரும் 'மகரந்தம்' வடமொழியில் முதன்மையாகப் பூந்தேனைக் குறிப்பது. பூந்தூளுக்கு அங்கே 'பராகம்' என்ற சொல் உண்டு. தமிழுக்கு வந்தபின் மகரந்தம் தேன், தூள் இரண்டையும் குறித்து, பாடநூல் வழியாகத் தூளுக்கே உரியதாகிவிட்டது. பிற்கால இலக்கியத்தில் மகரந்தம் என்ற சொல்லைக் கண்டதும் அதைப் பூந்தூள் என்று பொருள்கொள்ளும் வாசிப்பு இதனால் தொடக்கத்திலேயே வழுக்குகிறது.

'தாது' இன்னும் விரிந்த சொல். பூந்தூளையும் அது குறிக்கும். மன்றத்தில் பரந்து கிடக்கும் சாணப்பொடியையும் குறிக்கும். கனிமத்தையும் உடற்கூறுகளையும் குறிக்கும். பொடிந்து கிடப்பது என்ற தோற்றமே பூந்தூளுக்கு அச்சொல் வழங்கக் காரணமாகலாம். இனப்பெருக்கத்தோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகச் சங்கப் பயன்பாட்டிலிருந்து காட்ட இயலவில்லை. வண்டு தாதை ஊதுகிறது, உண்கிறது, அதில் படிந்து நிறம் மாறுகிறது. பூ கொடுக்கிறது, வண்டு பெறுகிறது. வண்டு எதையும் கொண்டுபோய்ச் சேர்ப்பதில்லை.

சேர்ப்பதாக வரும் இடங்களும் உள்ளன. ஆனால் அங்கே அது சுமப்பது மணம், அல்லது அறிவு. குறுந்தொகையின் இரண்டாம் பாடல் நினைவுக்கு வரலாம். பல பூக்களை அறிந்த தும்பி அங்கே சான்று சொல்ல அழைக்கப்படுகிறது. பல மலர் சென்றது என்பதே அதன் தகுதி. இதே செயல் மருதத்திணையில் குற்றமாகிவிடுகிறது. ஒரு பூவை விட்டு மறுபூவை நாடும் வண்டு பரத்தையிற் பிரிந்த தலைவனுக்கு உவமை. அயல்மகரந்தச் சேர்க்கை நிகழ எது இன்றியமையாததோ, அதே இடப்பெயர்ச்சியை மருதப்பாடல் ஒழுக்கக்கேடாக வாசிக்கிறது. இது குறைபாடு அன்று. அக்கவிதையின் உலகில் பூ ஒரு பெண், அவ்வளவே. பெண்ணாகிய பூவுக்கு வேறொரு பூவிலிருந்து வரவேண்டியது ஏதும் இல்லை. இந்தக் கவிதை அமைப்பைக் கணக்கில் எடுக்காமல் 'அறிவியல்' தேடுவோர், கவிதை சொல்லாததை அதன் வாயில் வைப்பதோடு, சொன்னதையும் இழந்துவிடுகின்றனர்.

சூல் என்ற சொல் இதைவிடச் சுவையானது. மேகம் சூல் கொள்ளும். நெற்பயிர் சூல் கட்டும். கதிர் வெளிவருவதற்கு முன் தாளுறை பருத்திருக்கும் பருவத்தை உழவர் இன்றும் அப்படித்தான் சொல்கின்றனர். கரும்பின் விரியாத முகையைக் கருக்கொண்ட பச்சைப்பாம்பாகக் காணும் குறுந்தொகைப் பார்வையும் இவ்வகையே. தமிழில் பயிருக்குக் கருப்பம் உண்டு, தந்தை இல்லை. நெல்லைப் பொறுத்தவரை இது ஏறக்குறையப் பொருத்தமாகவும் அமைந்துவிட்டது. நெற்பூ பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கை உடையது, முற்பகலில் சிறிது நேரமே உமி திறந்து மூடும், வண்டை எதிர்பார்ப்பதில்லை. ஏரிப்பாசனத்தில் நெல்லை நம்பி வாழ்ந்த நிலத்தின் கவிதையில் வண்டு மொய்க்கும் பூக்கள் நிறைந்திருக்க, சோறிட்ட பூவைப் பற்றிய பாடலை அரிதாகவே காண்கிறேன்.

திருவோத்தூர்ப் பனை

தந்தை இல்லாத இந்தத் தாவர உலகில் பனை ஒரு விலக்கு. பனையில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் தனித்தனி மரங்களில் தோன்றுகின்றன. ஆகவே அதற்குத் தன்மகரந்தச் சேர்க்கை என்பதே இல்லை. ஆண்மரத்தின் பாளையிலிருந்து தூளைக் காற்றும் பூச்சிகளும் பெண்மரத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தென்மாவட்டங்களில் ஆண்மரத்தை அலகுப்பனை என்றும் பெண்மரத்தைப் பருவப்பனை என்றும் வழங்குவர். பதநீர் இரண்டிலும் இறங்கும். நுங்கு பெண்மரத்தில் மட்டும். பனையைக் குறிக்கும் பழஞ்சொற்களில் 'பெண்ணை'யும் ஒன்று. இதைப் 'பெண்' என்பதோடு இணைத்து, சங்ககாலத்திலேயே பால்வேறுபாடு அறியப்பட்டதற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். ஒலியொற்றுமை ஒன்றையே கொண்டு அம்முடிவுக்குச் செல்லலாகாது.

ஐயத்துக்கு இடமில்லாத சான்று ஏழாம் நூற்றாண்டில் கிடைக்கிறது. செய்யாற்றங்கரையிலுள்ள திருவோத்தூரில் ஞானசம்பந்தர் பாடிய, முதல் திருமுறையைச் சேர்ந்த பதிகத்தின் கடைக்காப்பு, ஆண்பனை குரும்பைக் குலை ஈன்ற ஊராக அவ்வூரைச் சுட்டுகிறது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் இக்குறிப்பை நிகழ்ச்சியாக விரிக்கிறார். சிவனுக்கென்று அடியார் ஒருவர் வளர்த்த பனைகள் எல்லாம் ஆணாகிக் காய்க்காது நிற்கின்றன, சமணர் எள்ளுகின்றனர், அடியார் முறையிடச் சம்பந்தர் பாடுகிறார், பனைகள் குலை தள்ளுகின்றன. இவ்வூர்க் கோயிலின் தலமரம் இன்றும் பனையே.

இத்தொன்மம் சமண, சைவப் பூசலின் பகுதியாகவே பெரிதும் ஆராயப்பட்டிருக்கிறது. அந்த வாசிப்பு தேவையானது. எனினும் அது பனையை ஒரு கருவியாக மட்டும் காண்கிறது. பனை நட்டவர் பக்கம் நின்று பார்த்தால் கதையின் துயரம் வேறாகத் தெரியும். விதை ஊன்றிய பனை பூக்கப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகும். அதுவரை அது ஆணா பெண்ணா என்பதைக் கண்ணால் அறிய வழி இல்லை. அடியார் இழந்தது ஒரு பருவ விளைச்சலை அன்று. வாழ்நாளின் ஒரு பகுதியை. இயல்பில் ஒரு தோப்பில் ஏறத்தாழப் பாதி பெண்ணாக அமையும். எல்லாம் ஆணாயின என்பது நிகழ்தற்கரிய கெடுவாய்ப்பு. அதனாலேயே எள்ளலுக்கு அது இடமாகிறது. சேக்கிழாரின் கேட்போர்க்கு இவற்றை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்பனை ஒருநாளும் காய்க்காது என்பதை எல்லோரும் அறிந்திருந்தால்தான் அது காய்த்தது அற்புதமாகும். ஆக, பால்வேறுபாட்டறிவு இத்தொன்மத்தின் முன்நிபந்தனை.

ஆனால் அவ்வறிவு அங்கேயே நின்றுவிடுகிறது. இன்று பரவலாகச் சொல்லப்படும் வடிவில், ஆண்பனைகள் பெண்பனைகளாக மாறின. தோப்பு முழுவதும் பெண்ணாகிவிட்டால் காய்ப்பதற்குத் தூள் எங்கிருந்து வரும் என்ற கேள்வி சொல்வோருக்கும் எழவில்லை, கேட்போருக்கும் எழவில்லை. பதிகத்தின் வடிவில் ஆண்பனையே ஈனுகிறது. அங்கும் தூளுக்கு இடமில்லை. ஆண்பனை என்பது பெண்ணுக்கு வேண்டிய இணை என்று எங்கும் வரவில்லை. காய்க்காத பனை என்பதே அதன் முழுப்பொருள். 'பக்கத்துத் தோப்பிலிருந்து காற்று கொண்டுவந்திருக்கலாமே' என்று ஒருவர் மறுக்கலாம். அற்புதக் கதையின் மௌனத்திலிருந்து அளவுக்கு மீறி வாதிடக்கூடாது என்பதையும் ஏற்கிறேன். எனினும், அறிவு இருந்தது என்று கூறுவோரே சான்று தரவேண்டியவர். மிகச் சாதகமாக அமைந்திருக்க வேண்டிய இந்தப் பனைக்கதையே அவர்களுக்கு உதவவில்லை.

பேரீச்சை ஏன் வேறு?

ஒப்பீடு ஒன்று இங்கே பயன்படும். பேரீச்சையும் பனையைப் போலவே ஆண்மரம், பெண்மரம் எனப் பிரிந்தது. மெசப்பொத்தேமியாவில் மிகப் பழங்காலத்திலேயே ஆண்பாளையைப் பெண்பாளைமேல் உதறும் வழக்கம் இருந்தது; கிரேக்கத் தாவர அறிஞர் தியோபிராஸ்டஸ் அதைப் பதிவுசெய்திருக்கிறார். அங்கே பழத்துக்காகப் பெண்மரங்களையே மிகுதியாக நட்டு, சில ஆண்மரங்களை மட்டும் வைத்துக்கொண்டனர். ஆகவே கையால் சேர்த்தல் தொழில்தேவையாயிற்று. தமிழ்நிலத்தின் பனை விதையிலிருந்து தானே முளைத்து இருபாலும் கலந்து நின்றது. ஒருவரும் எதையும் உதறவேண்டியிருக்கவில்லை. வேண்டாத செயலிலிருந்து அறிவு பிறப்பதில்லை. பூவின் பாலியல்பைக் கமராரியுஸ் 1694-இல் சோதனைவழி நிறுவினார். பூச்சிகளின் பங்கைக் கோல்ரைட்டரும் (1761) ஸ்பிரெங்கலும் (1793) விளக்கினர். அயற்சேர்க்கையின் நன்மையை டார்வின் 1876-இல் தனிநூலாக எழுதினார். இவ்வறிவு ஐரோப்பாவுக்கும் காலந்தாழ்ந்தே வந்தது. அதற்கு முன் அதை அறியாதிருந்தது எந்த இலக்கியத்துக்கும் இழுக்கு அன்று.

தாழையையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம். அதுவும் இருபால் பிரிந்த தாவரம். மணத்துக்காகச் சூடப்படும் தாழம்பூ ஆண் மஞ்சரி. ஆயினும் பனைக்கு உள்ளதுபோல் ஆண், பெண் வழக்கு தாழைக்குப் பெருவழக்காகவில்லை. பூவைப் போற்றும் இடத்தில் ஆண் பெயரின்றிப் போற்றப்படுகிறது; காயைத் தேடும் இடத்தில் ஆண் பெயரிடப்பட்டு ஒதுக்கப்படுகிறது.

ஏரிக்கரையில்

இவ்வாய்வுக்கு நான் வந்த வழி ஏட்டுவழி மட்டும் அன்று. சேக்கிழார் பிறந்த குன்றத்தூரிலிருந்து மேற்கே சென்றால் திருப்பெரும்புதூர். அதற்குத் தெற்கே, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில் சாலையும் சந்திக்கும் ஒரகடம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார் உற்பத்தி தொடங்கியது, ஒரகடத்தில் 2010-இல் மற்றொரு பெருந்தொழிற்சாலை திறக்கப்பட்டது, பின்னர் வல்லம்–வடகால். ஏரி மாவட்டம் என்று பெயர்பெற்ற இப்பகுதியில் கரைகளிலும் வரப்புகளிலும் நிற்பவை பனைகள். திருவோத்தூரை உள்ளடக்கிய செய்யாற்றுக்கும் சிப்காட் வந்துவிட்டது. சாலை அகலும்போதும் மனை பிரியும்போதும் எந்தப் பனையை விடுவது என்று கேட்டால், 'அது ஆண்மரம் சார், காய்க்காது' என்ற விடையை நான் ஒரகடம் அருகே ஒன்றுக்கு மேற்பட்ட முறை கேட்டிருக்கிறேன். சேக்கிழாரின் கேட்போர் அறிந்திருந்த அதே பாதி அறிவு அதே சொற்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. சுற்றிலும் ஆண்மரங்கள் இல்லாமற்போனால் நுங்கு மரத்தின் காய்ப்பு குறையும் என்ற மறுபாதி பாடநூலில் 'அயல்மகரந்தச் சேர்க்கை' என்ற நீண்ட தொடருக்குள் இருக்கிறது, ஏரிக்கரைக்கு வரவில்லை.

பழந்தமிழர் அனைத்தையும் அறிந்திருந்தனர் என்று எழுதும் கட்டுரைகளின் மீது என் குறை இங்கேதான். இல்லாத அறிவை இருந்ததாகக் காட்டும்போது, இருந்த அறிவின் உண்மையான வடிவம் மறைந்துவிடுகிறது. ஆண்பனையைக் காய்க்காத மரமாக மட்டும் காணும் பார்வைக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டு இலக்கியச் சான்று உண்டு. அதைப் பெருமைக்குரிய அறிவியலாக மொழிபெயர்த்துவிட்டால், அரிவாளை எடுப்பவரிடம் சொல்ல நம்மிடம் ஒன்றும் மிஞ்சாது.

பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் ஒப்புதல் வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் அறிவித்தது. 76 லட்சம் பனைவிதைகள் வழங்கப்படும் என்றும் அவ்வறிக்கை கூறிற்று. அவ்வாண்டு ஊன்றி முளைத்தவற்றில் எவை ஆண், எவை பெண் என்பது 2030-களின் நடுப்பகுதிவரை, அவற்றை ஊன்றியவர்க்கும் தெரியாது.