விடுமுறையைக் குற்றம் சொல்லாத புத்தகம்

சோனாலி தெரணியகல எழுதிய 'வேவ்' (2013) புத்தகத்தைச் சுனாமிப் புத்தகம் என்றுதான் எல்லோரும் சொல்றாங்க. ஆனா சுனாமி அதில் முதல் சில பக்கங்களிலேயே வந்து போய்விடுகிறது. மீதி முழுக்க, அதற்குப் பிறகு உயிரோடு இருந்த ஒருத்தியின் வருஷங்கள்.

நடந்தது இதுதான். சோனாலி பொருளாதார ஆய்வாளர், சொந்த ஊர் கொழும்பு. கணவர் ஸ்டீவ் கிழக்கு லண்டன்காரர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போது சந்தித்து, கல்யாணம் பண்ணி, லண்டனில் குடும்பம் நடத்தினார்கள். விக்ரம், மல்லி என்று இரண்டு பையன்கள். 2004 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இலங்கை வந்தவர்கள், சோனாலியின் அப்பா அம்மாவையும் கூட்டிக்கொண்டு யால சரணாலயத்தை ஒட்டிய கடற்கரை ஓட்டல் ஒன்றில் தங்கினார்கள். டிசம்பர் 26 காலையில் கடல் உள்ளே வந்தது. ஆறு பேரில் சோனாலி மட்டும் மிஞ்சினார்.

இப்படி ஒரு சாவு நடந்தால் நம்ம பக்கம் துட்டி கேட்கப் போகிறவர்கள் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். "அவங்களுக்கு எழுதினது அவ்வளவுதான்" என்பது ஒன்று. "அங்க எதுக்குப் போகணும்?" என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கொடுமை. போனதே தப்பு, சும்மா வீட்டில் இருந்திருக்கலாம் என்று செத்தவர்கள் மேலேயே பழி வந்துவிடும். அதே காலையில் வேளாங்கண்ணியில் கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்களும் நிறையப் பேர் இறந்தார்கள். அவர்கள் உல்லாசத்துக்குப் போகவில்லை, நேர்த்திக்கடனுக்குப் போனவர்கள். கடல் அந்த வித்தியாசம் பார்க்கவில்லை.

'வேவ்' இந்த இரண்டு பேச்சுக்கும் இடம் கொடுக்கவில்லை. அந்த விடுமுறையை ஆணவம் என்றோ, வரப்போகும் அழிவுக்கு முன்னறிகுறி என்றோ அது காட்டுவதில்லை. பையன்கள் கிறிஸ்துமஸ் பரிசோடு விளையாடிய சாதாரணக் காலை, சாதாரணமாகவே இருக்கிறது.

தன் மேல் இரக்கம் வரும்படியும் சோனாலி எழுதவில்லை. அலையைப் பார்த்து ஓடும்போது பக்கத்து அறையில் இருந்த அப்பா அம்மாவின் கதவைத் தட்டவில்லை என்பதை அப்படியே எழுதிவிடுகிறார். தட்ட நேரமில்லை என்று வாதாடவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. தண்ணீரிலிருந்து மீண்ட பிறகு, பக்கத்தில் அழுத ஒரு சிறுவன் மேல் எரிச்சல்தான் வந்தது என்கிறார். கொழும்பில் பெற்றோர் வீட்டில் வாடகைக்கு வந்த டச்சுக் குடும்பத்தை ராத்திரி ராத்திரியாக போன் பண்ணியும் கேட்டைத் தட்டியும் பயமுறுத்தியதைக்கூட மறைக்கவில்லை. நம் மரபில் துக்கப்படுகிற பொம்பளைக்கு என்று ஒரு வேஷம் உண்டு: தலைவிரி கோலம், ஒப்பாரி, பதினாறாம் நாளோடு ஒரு முடிவு. சோனாலியின் துக்கம் அந்தக் கணக்குக்குள் அடங்குவதில்லை. அசிங்கமாகவும் கோபமாகவும் வருஷக்கணக்கில் நீள்கிறது.

பின்னால் யாலவுக்குத் திரும்பத் திரும்பப் போய்த் தேடுகிறார். ஒரு தடவை ஸ்டீவ் பங்கெடுத்த ஆய்வறிக்கை ஒன்றின் பின்னட்டை தரையில் கிடைக்கிறது. அரசாங்கத்தின் வேலைவாய்ப்புத் திட்டங்களைக் குலுக்கல் முறையில் மதிப்பிடுவது பற்றிய அறிக்கை அது. யார் பிழைப்பார், யார் போவார் என்பதும் குலுக்கலாகிப்போன இடத்தில் அது கிடைக்கிறது! நானாக இருந்தால் அதை வைத்து ஒரு பக்கம் தத்துவம் பேசியிருப்பேன்.

பாளையம்பட்டியிலிருந்து கடல் ரொம்ப தூரம். கண்மாய் நிறையுமா என்பதுதான் மார்கழியில் எங்கள் கவலை. ஆனாலும் பக்கத்துத் திருச்சுழிக்குப் பெயர் வந்ததே ஒரு வெள்ளக் கதையில்தான். பிரளய வெள்ளம் வந்தபோது சிவன் சூலத்தால் நிலத்தைக் குத்தி, தண்ணீரை அந்தக் குழிக்குள் சுழித்து இறங்க வைத்தாராம். வறண்ட காட்டுக்குள்கூட, வெள்ளத்தைத் தடுக்க ஒருத்தர் இருந்தார் என்ற கதை தேவைப்பட்டிருக்கிறது. 'வேவ்' புத்தகத்தில் சூலத்தோடு யாரும் வருவதில்லை. அந்த இடத்தைக் காலியாகவே விட்டதில்தான் இந்தப் புத்தகத்தின் நேர்மை இருக்கிறது என்பேன்.

எனக்கு ஒரு உறுத்தலும் உண்டு. இலங்கையில் அன்று 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முல்லைத்தீவு, மட்டக்களப்பு, அம்பாறை என்று தமிழரும் முஸ்லிம்களும் வாழ்ந்த கடற்கரைகள் அழிந்தன. புத்தகத்தில் அவர்கள் அநேகமாக இல்லை. துக்கம் ஒருத்தரைத் தன் வீட்டுக்குள் பூட்டிவிடும் என்பதால் இதை நான் பெரிய குறையாகச் சொல்லமாட்டேன்.

நான் யோசித்தது வேறு. இந்தப் புத்தகத்தின் நினைவுகள் எல்லாம் பொருட்களைப் பிடித்துக்கொண்டுதான் வருகின்றன. கிட்டத்தட்ட நாலு வருஷம் கழித்து லண்டன் வீட்டைத் திறக்கிறார். போட்டது போட்டபடி இருக்கிறது. அதிலிருந்து ஒரு குடும்பம் முழுசாக எழுந்து வருகிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே பிள்ளையோடு வீடும் போனது, பிள்ளையின் சட்டையும் போனது. தகரக் கொட்டகையில் தங்கவைக்கப்பட்ட ஒரு தாய் எதைத் தொட்டு ஞாபகப்படுத்திக்கொள்வாள்? நினைத்துப் பார்க்கவும் கொஞ்சம் வசதி வேண்டியிருக்கிறது. அந்தத் தாயின் புத்தகம் எழுதப்பட்டால் அதன் வடிவமே வேறாக இருக்கும். அதை நான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வாசிக்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஆங்கிலம் எளிமையானது, புத்தகமும் சின்னது. ஆனால் முதல் அத்தியாயத்தில் பயந்து மூடி வைத்துவிடாதீர்கள். பின்பாதியில் ஸ்டீவ் சமைக்கிறார், பையன்கள் சண்டை போடுகிறார்கள், மிரிஸ்ஸ கடலில் நீலத் திமிங்கலம் வருகிறது. அந்தப் பக்கங்களுக்காகத்தான் நான் இதை இரண்டாவது தடவை வாசித்தேன்.