கட்டியக்காரனுக்கு மட்டும் உரிய சலுகை

2022 ஜூலை 28 அன்று 44ஆவது செஸ் ஒலிம்பியாட் சென்னையில் தொடங்கியது. மறுநாளிலிருந்து ஆட்டங்கள் மாமல்லபுரத்தை ஒட்டிய பூஞ்சேரியில் நடந்தன. வரவேற்பதற்கு எங்கும் போட்டியின் சின்னமான ‘தம்பி’ நின்றான்: குதிரைத் தலை, வெள்ளை வேட்டி, சட்டை, கூப்பிய கை. அதே ஜூலை 28 அன்றுதான் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா என்ற கைபேசித் துப்பாக்கி விளையாட்டு, அதாவது பையன்கள் வாயில் பிஜிஎம்ஐ, அரசின் உத்தரவால் கூகுள், ஆப்பிள் கடைகளிலிருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம்தான் திரும்பி வந்தது.

தம்பியின் வேட்டியை யாரும் குறை சொல்லவில்லை. அவன் பலகைக்கு வெளியே நின்றான். பூஞ்சேரி அரங்குக்குள் இருந்தவை 1849இல் லண்டனில் விற்பனைக்கு வந்த ஸ்டான்டன் வடிவத்தைச் சேர்ந்த காய்கள். 180க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களில் எவருக்கும் எது குதிரை, எது மந்திரி என்று ஒரு கணம்கூடக் கண் தடுமாறக் கூடாது; அதற்காகத்தான் அந்த ஒரே வடிவம். பல பேர் சேர்ந்து ஆடும் துப்பாக்கி விளையாட்டுகளிலோ வேட்டி கட்டிய குதிரை பலகைமேலேயே ஏறிவிட்டது. பாத்திரம் எப்படித் தோன்ற வேண்டும் என்பதைக் கதை தீர்மானிக்குமா, காசு கொடுத்தவர் தீர்மானிப்பாரா என்ற வழக்கு அங்கே பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது.

இதைச் சில்லறைச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆடுபவர்கள் ‘ஸ்கின்’ என்று சொல்லும் இந்த உடைகள்தான் இலவச விளையாட்டுகளின் பிழைப்பு. செங்கல்பட்டு ரயில் நிலைய நடைமேடையில் நான்கு பேர் ஸ்குவாடாகச் சேர்ந்து ஆடும் ஆட்டத்தை இறக்கிக்கொள்ளக் காசு வேண்டாம். சம்பாத்தியம், காசு கொடுத்து வாங்கும் ஆட்ட நாணயமாக, ஃப்ரீ ஃபயரில் டைமண்டாகவும் பிஜிஎம்ஐயில் யூசியாகவும் வருகிறது. காசு கொடுத்தவனுக்குக் கூடுதல் பலம் கொடுத்தால் மற்றவர்கள் ஆட்டத்தை விட்டுப் போவார்கள். ஆகவே பலத்தை விடுத்துத் தோற்றத்தை விற்கிறார்கள். வணிகமாக இது நேர்மையான ஏற்பாடுதான். ஆனால் விற்கப்படும் தோற்றம், அந்த உலகத்தில் நடமாடும் ஒருவருடையது. போர்க்களத்தில் ஒருவர் முகத்தை மாற்றினால் களமும் மாறுகிறது.

இந்தக் கேள்விக்குப் பழைய விடை ஒன்று நம் வட்டாரத்திலேயே இருக்கிறது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், செய்யாறு பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்போது இரவெல்லாம் கூத்து நடக்கும். ராஜ வேஷத்துக்குக் கிரீடம், புஜக்கட்டை, மார்பதக்கம். எல்லாம் கண்ணாடிச் சில்லு பதித்த, எடை குறைந்த மரக்கட்டை. முகத்து வண்ணத்துக்கும் கிரீடத்தின் உயரத்துக்கும் கணக்கு உண்டு. வயல் ஓரத்தில் கடைசியாக உட்கார்ந்திருப்பவருக்கும் வந்திருப்பது யார் என்று தெரிய வேண்டும். வேஷக்காரர் திரைக்குப் பின்னால் நின்று பாடுவார். கூத்தின் கோமாளியான கட்டியக்காரன், ‘யார்?’ என்று கேட்பான். பேரும் பெருமையும் சொல்லித்தான் ராஜா களத்துக்குள் வருவார். தோற்றம், பெயர், கதையில் உள்ள இடம் மூன்றும் அங்கேயே ஒன்றாகக் கட்டப்படுகின்றன.

கூத்தில் உடைமாற்றத்துக்குத் தடையில்லை. பாரதமே மாறுவேடங்களின் கதை. விராட பர்வத்தில் அர்ச்சுனன் பிருகன்னளையாகிறான், பீமன் சமையல்காரனாகிறான். அர்ச்சுனன் தபசில் சிவன் வேடனாக வருகிறார். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கதைக்குள் காரணம் உண்டு, வேஷம் கலையும் நேரமும் உண்டு. காரணமே இல்லாமல் காலத்தைத் தாண்டும் உரிமை ஒருவனுக்கு மட்டும்: கட்டியக்காரனுக்கு. அஸ்தினாபுரத்துச் சபையில் நின்றுகொண்டு பஸ் கட்டணத்தையும் தேர்தலையும் அவன் பேசலாம். ஜனம் சிரிக்கும். அடுத்த நொடி துச்சாதனன் சேலையைப் பிடித்து இழுக்கும்போது அதே ஜனம் அழும். சிரிப்பு அழுகையைக் கெடுக்காததற்குக் காரணம், எவன் விதியை மீறலாம் என்று எல்லோருக்கும் முன்பே தெரிந்திருப்பதுதான். துரியோதனனும் பஸ் கட்டணம் பேசத் தொடங்கினால் படுகளத்தில் விழுவது யார் என்றே தெரியாமல் போகும்.

துப்பாக்கி விளையாட்டுகளின் வரலாற்றை இந்தக் கண்ணோடு பார்த்தால் பல குழப்பங்கள் தெளிகின்றன.

வால்வ் நிறுவனம் 2007இல் வெளியிட்ட டீம் ஃபோர்ட்ரெஸ் 2 இந்தத் துறையின் பாடப்புத்தகம். ஒன்பது பாத்திரங்கள். ஒவ்வொருவரையும் நிழலுருவை வைத்தே அடையாளம் காண வேண்டும் என்று அதன் கலைஞர்கள் திட்டமிட்டார்கள். அந்த முறையை விளக்கி அதே ஆண்டு ஓர் ஆய்வுக் கட்டுரையும் வெளியிட்டார்கள். உடல்வாகு எந்த வகை வீரன் என்று சொல்லும், நிறம் எந்த அணி என்று சொல்லும். எதிரணி ஆளைப் போல உருமாறும் ஒற்றன் ஒருவனும் உண்டு. ஏமாற்று வேஷமே அவன் ஆயுதம். இதில் 2009இல் தொப்பிகள் நுழைந்தன. 2010இல் கடை திறந்தது, 2011இல் ஆட்டம் இலவசமானது. தொடக்கத்துத் தொப்பிகள் பாத்திரத்தின் குணத்தோடு பொருந்தின. உடல் வடிவம் மறையவில்லை. அந்த உலகமே கேலியும் குறும்புமாகப் படைக்கப்பட்டதால் ஒன்பது பேரும் கொஞ்சம் கட்டியக்காரர்கள்தான். பின்னாளில் உடைகள் பெருகி நிழலுருவே மாறத் தொடங்கியபோது பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருந்தது.

கால் ஆஃப் டியூட்டியின் கதை வேறு. ராணுவச் சீருடை, இரவுச் சோதனை, மூச்சடக்கிய நடை. நிஜத்தன்மைதான் 2019இல் வந்த மாடர்ன் வார்ஃபேரின் பெருமை. பாத்திரங்களை இரு தரப்பாகப் பிரித்து, ஆளுக்கொரு பின்கதையும் கொடுத்திருந்தார்கள். அதன் தோளில் ஏறி 2020 மார்ச்சில் வார்சோன் என்ற இலவச ஆட்டம் வந்தது. கடை வளர வளரத் தரப்பும் பின்கதையும் மறைந்தன. 2021இல் வெளியான வேங்கார்டு இரண்டாம் உலகப் போரைப் பற்றியது. அதற்குள் 2022 ஜனவரியில் ஜப்பானிய அனிமே நாயகன் ஒருவனின் உடை வந்தது. ஏப்ரலில் ராப் பாடகர் ஸ்னூப் டாக் தானே வந்து சேர்ந்தார். அடுத்த ஆட்டத்தில் கால்பந்து வீரர் மெஸ்ஸி, பாடகி நிக்கி மினாஜ். 2025இல் கேலிச்சித்திரத் தொடர் நாயகர்களான பீவிஸும் பட்ஹெட்டும். சிரிப்புக் காட்டுபவர்கள் வரக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உயிர்போகும் போர் என்று அறிமுகம் செய்த களத்தில் எல்லோரையும் கட்டியக்காரர்களாக்கிவிட்டு, தனிநபர் கதையில் மட்டும் தியாகத்துக்குக் கண்ணீர் கேட்பது ரசிகரை மதிக்காத செயல்.

தோற்றத்தைத்தான் விற்கிறோம், பலத்தை விற்கவில்லை என்ற வாக்குறுதியும் அங்கே உடைந்தது. ரோஸ் என்ற பாத்திரத்தின் கறுப்பு உடை இருட்டு மூலைகளில் கண்ணுக்கே தெரியவில்லை. காசு கொடுத்தவர் மறைந்து சுட்டார், கொடுக்காதவர் செத்தார். 2021இல் அந்த உடையைத் திருத்த வேண்டியதாயிற்று. 2023இல் மர உருவ உடை ஒன்றால் இதே புகார் மறுபடி எழுந்தது. கவுன்டர் ஸ்ட்ரைக்கிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு: 2013இல் ஆயுதத்துக்கு மட்டும் வண்ணம் விற்றவர்கள் 2019இல் ஆளுக்கும் உடை விற்றார்கள்; சில உடைகள் களத்துச் செடிகொடிகளோடு கலந்துபோயின. எதிரி யார், எங்கே என்று கண் சொல்ல வேண்டிய ஆட்டத்தில் தோற்றமும் ஒருவகைப் பலம்தான்.

2025 ஆகஸ்டில், கால் ஆஃப் டியூட்டியை வெளியிடும் ஆக்டிவிஷன் பின்வாங்கியது. பிளாக் ஆப்ஸ் 6இல் வாங்கிய பாத்திரங்களும் ஆயுதங்களும் நவம்பரில் வரவிருந்த பிளாக் ஆப்ஸ் 7க்குத் தொடராது என்று அறிவித்தது. போட்டியாளரான பேட்டில்ஃபீல்டு 6, களத்தோடு ஒட்டிய உடைகளையே தருவோம் என்று சொல்லிக்கொண்டு அக்டோபரில் இறங்கவிருந்தது. அந்த வாக்குறுதியை ரசிகர்கள் எவ்வளவு கண்டிப்பாக எடுத்துக்கொண்டார்கள் என்றால், பளிச்சென்ற நீலம் கலந்த ஒரே ஓர் உடைக்காகச் சண்டை பிடித்தார்கள். அதை மாற்றுவதாக நிறுவனம் சொல்ல வேண்டியிருந்தது.

கதை ஒழுங்கின் பெயரால் எழும் எல்லாக் கூச்சலும் நியாயமானதல்ல. 2018இல் பேட்டில்ஃபீல்டு 5இன் முன்னோட்டத்தில் செயற்கைக் கை பொருத்திய ஒரு பெண் போர்வீரர் வந்தார். இரண்டாம் உலகப் போரில் பெண் எங்கே என்று ஒரு கூட்டம் கொதித்தது. நம் வீட்டு வரலாறே இதற்குப் பதில் சொல்லும். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி அமைத்த ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தவர்களில் பலர் மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்ப் பெண்கள். தலைமை தாங்கிய கேப்டன் லட்சுமி சென்னையில் பிறந்து சென்னையில் மருத்துவம் படித்தவர். காக்கி உடுத்தித் துப்பாக்கிப் பயிற்சி பெற்ற அந்தப் பெண்களின் புகைப்படங்கள் இருக்கின்றன. சோவியத் படையில் பெண் ஸ்னைப்பர்கள் களத்தில் நின்றார்கள். தனக்குத் தெரியாததையெல்லாம் பொருந்தாதது என்று சொல்பவரின் பேச்சைக் கதை ஒழுங்கு என்று ஏற்க முடியாது. ஸ்னூப் டாக்கையும் அந்தப் பெண்ணையும் ஒரே தட்டில் வைப்பது பெரிய அநியாயம்.

ஃபோர்ட்நைட் இந்தச் சிக்கலை நேர்வழியில் கடந்தது. உலகங்கள் ஒன்றோடொன்று மோதும் தீவு என்று தன் கதையையே அமைத்துக்கொண்டது; மார்வெல் நாயகர்கள் வந்தாலும் பாடகர்கள் வந்தாலும் அங்கே இடம் உண்டு. என் ரசனைக்கு அது ஒட்டவில்லை. ஆனால் அதில் பொய்யில்லை. ஹேலோ இன்ஃபினிட் சாமுராய்க் கவசத்தை ‘ஃபிராக்சர்’ என்ற தனி நிகழ்வாகப் பிரித்து வைத்தது. மிகக் கறாரான விடை 2020இல் வந்த வாலரன்ட்டுடையது. ரயட் நிறுவனம் பாத்திரங்களுக்கு உடை விற்காமல் ஆயுதங்களுக்கு ஒப்பனை விற்றது. 2022 அக்டோபரில் அதில் சேர்ந்த இந்தியப் பாத்திரம் ஹார்பர், மும்பையில் ஆடினாலும் சியோலில் ஆடினாலும் அதே வருண் பத்ராதான். ஸ்டான்டன் குதிரையின் ஒழுக்கம் இது. கடையும் நன்றாகவே ஓடுகிறது.

இனி நம் நாடு. ஃப்ரீ ஃபயர் 2020இல் ஹ்ரித்திக் ரோஷனை ‘ஜெய்’ என்ற பாத்திரமாக்கியது. அவருக்குப் பின்கதையும் திறமையும் கொடுத்திருந்ததால் வெறும் முகமூடியாக இல்லாமல் ஓர் ஆளாக வந்தார். அந்த ஆட்டம் 2022 பிப்ரவரியில் தடையானது. 2023இல் ஃப்ரீ ஃபயர் இந்தியா என்று திரும்புவதாக அறிவித்தபோது தோனி ‘தல’ என்ற பாத்திரமாக வருவார் என்றார்கள்; வெளியீடு கடைசி நேரத்தில் தள்ளிப்போனது. பிஜிஎம்ஐ 2021இல் வந்தபோது ரத்தத்துக்குப் பச்சை நிறம் பூசி, இது கற்பனை உலகம் என்று ஆட்டத்துக்குள்ளேயே நினைவூட்டியது. ஆக, வெளியிலிருந்து வரும் நிர்ப்பந்தமும் தோற்றத்தை மாற்றும். இவற்றில் என் மனம் நிற்பது புனேயின் சூப்பர்கேமிங் 2024 அக்டோபரில் வெளியிட்ட இண்டஸ் பேட்டில் ராயலில்தான். விர்லோக் என்றொரு உலகம், காஸ்மியம் என்றொரு கனிமம், எதிர்காலத்துக்குப் போன இந்தியச் சாயல் என்று முதலில் நிலத்தை வகுத்துவிட்டுத்தான் ஆட்களுக்கு உடை தைத்தார்கள். வரிசை சரியானது. பணத்தேவை நெருக்கும்போது அந்த வரிசையை அவர்கள் காப்பாற்ற வேண்டும்.

புதியதை ஏற்றால் மரபு கெடும் என்ற பயத்துக்கும் இடமில்லை. புரிசைக் கூத்துக் குழு, எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸின் சிறகு முளைத்த கிழவன் கதையைக் கூத்தாக்கியது. கொலம்பியக் கதை செய்யாற்றுக் களத்துக்கு வந்தது. திரையும் அடவும் பாட்டும் தங்கள் விதியோடு நின்றன.

மாமல்லபுரத்துப் பெரும்பாறையில், ஏழாம் நூற்றாண்டிலேயே, இதன் இன்னொரு பக்கம் செதுக்கப்பட்டிருக்கிறது. கைகளை உயர்த்தி ஒற்றைக்காலில் தவம் செய்பவர் அர்ச்சுனனா பகீரதனா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். கீழே அதே கோலத்தில் முன்னங்கால்களைத் தூக்கி நிற்கும் பூனையைப் பற்றி வாதமே இல்லை. தவசி வேஷம் போட்டாலும் அது பூனை. சுற்றியுள்ள எலிகள் போதும். அந்தச் சிற்பி கேலியையும் பக்தியையும் ஒரே பாறையில் வைத்தார். பூனையின் வேஷம் மேலே நடக்கும் தவத்திலிருந்து பிறந்தது. அதனால் இரண்டும் ஒன்றையொன்று தாங்குகின்றன. கடையில் விற்கும் உடைக்கும் இதே சோதனையை வைக்கலாம்: இது இந்த உலகத்திலிருந்து பிறந்ததா, இன்னோர் உலகத்தின் விளம்பரமா?

சென்னையிலும் பெங்களூரிலும் புனேயிலும் விளையாட்டு செய்யும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் உலகத்தில் யார் உடை மாற்றலாம், யார் மாற்றக் கூடாது, யார் காலத்தைத் தாண்டலாம் என்பதைக் கடை திறக்கும் முன்பே எழுதி, ஆடுபவர் படிக்கும்படி வெளியிடுங்கள். அதை எழுத உட்காரும் முன் ஒரு கோடையில் செங்கல்பட்டுப் பக்கம் பாரதம் நடக்கும் ஊர் ஒன்றில் இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள். கூத்து வாத்தியாரை ஆலோசகராக அழையுங்கள், அவர் வேலைக்கு முறையான சம்பளம் கொடுங்கள்.