எட்டுக் கட்டம்

சிங்கப்பூரின் கிழக்கு-மேற்கு ரயில் பாதை முடிகிற துவாஸ் லிங்க் நிலையத்துக்கு அப்பால், தொழிலாளர் விடுதி ஒன்றில் ஞாயிறு மாலை. இரும்புக் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே ஸ்டாண்டில் ஏறி நிற்கிறது எட்டு ரப்பர் கட்டங்கள் கொண்ட மின்னணுத் தாளக் கருவி, ஒரு பழைய ரோலண்ட் எஸ்பிடி-20. நம் மெல்லிசைக் குழுக்களில் இதற்குப் பெயர் வெறும் ‘பேட்’. இதன் முன்னோடியாக 1985இல் வந்த முதல் ஆக்டபேடுக்குச் சொந்தக் குரல் கிடையாது. மிடி கம்பி வழியே வேறொரு கருவியைப் பேசவைத்தது. 1998இல் வந்த இதற்குள்ளோ 700 ஒலிகள்.

வாசிக்கிற தம்பி அதைத் தயார்செய்யும் அழகே தனி. திருகை இறுக்கி, ஸ்டாண்டை ஒருமுறை ஆட்டிப் பார்க்கிறார். ஆடினால் வேண்டாத அடி தானே விழும். ரப்பருக்கு அடியில் இருக்கும் பீசோ வில்லை அதிர்வை மின்சாரமாக்குகிறது. குச்சி எது, கட்டில் எது என்று அதற்குத் தெரியாது. ஒரு கட்டத்தை அடிக்கப் பக்கத்துக் கட்டம் முனகினால், அதன் உணர்வெல்லையைக் கொஞ்சம் ஏற்ற வேண்டும். கூடுதலாக ஏற்றினால் மெல்லடிகள் செத்துப்போகும். (உருமியின் இழுப்பு மட்டும் எவ்வளவு திருகினாலும் இதில் வராது என்பது என் கட்சி.)

துடைக்க உலர்ந்த துணி போதும், தின்னர் ஆகாது. இந்தத் தீவின் ஈரப்பதத்துக்குப் பயந்து பைக்குள் இரண்டு சிலிக்கா பொட்டலங்கள்.

மேல்கட்டிலில் இரவு ஷிப்டுக்காரர் தூங்குகிறார். ஹெட்போனைச் செருகியாயிற்று. நமக்குக் கேட்பது ரப்பரில் குச்சி விழும் டொக் டொக் மட்டும். தம்பியின் தலையாட்டலைப் பார்த்தால் உள்ளே குத்துப்பாட்டு ஓடுகிறது.