அவரு இல்லேன்னா டீமே இல்ல!

இரங்கல் கூட்டத்துக்கென்று நம் ஊரில் ஒரு இலக்கணம் இருக்கிறது. மாலை போட்ட படம். பக்கத்தில் ஒரு குத்துவிளக்கு. மைக்கை இரண்டு தட்டு தட்டிவிட்டு, 'அன்னார்...' என்று ஆரம்பிப்பார்கள். வகித்த பதவிகள், வாங்கிய பொன்னாடைகள், திறந்து வைத்த கட்டடங்கள் எல்லாம் வரிசையாக வரும். அரை மணி நேரம் கழித்து எழுந்து வரும்போது, இறந்தவர் எப்படிச் சிரிப்பார் என்பதுகூட நமக்குத் தெரிந்திருக்காது.

கால்பந்து ரசிகர்கள் நடத்துகிற கூட்டம் இந்த விஷயத்தில் ரொம்ப மேல்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் கோடை விடுமுறையில் போனால், 'நினைவு சுழற்கோப்பை' என்று சுவர் போஸ்டர்களைப் பார்க்கலாம். அப்படி ஒரு போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு முன்னால் நடந்த நினைவுக் கூட்டத்தில் ஓரமாக நின்று கேட்டிருக்கிறேன். இறந்தவர் அந்த டீமுக்குப் பல வருஷம் தலைவராக இருந்தவர். பெயர் வேண்டாம். உங்கள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார், அவரையே நினைத்துக்கொள்ளுங்கள்.

பேசியவர்கள் யாரும் 'அன்னார்' சொல்லவில்லை. ஒருத்தர் சொன்னார்: "தோத்துட்டு வந்தா திட்ட மாட்டாரு. எல்லாருக்கும் புரோட்டா வாங்கிக் குடுப்பாரு. மறுநாள் காலையில அஞ்சு மணிக்கு நமக்கு முன்னாடி கிரவுண்டுல நிப்பாரு பாருங்க, அதுதான் திட்டு." இன்னொருத்தர், முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்ததைச் சொல்ல வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டு மைக்கைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். எனக்கே தொண்டை அடைத்தது.

ஆனால், அத்தனை பேரும் கடைசியில் ஒரே வாக்கியத்தில் வந்து நின்றார்கள். "அவரு இல்லேன்னா இந்த டீமே இல்ல." பலத்த கைதட்டல்.

அடுத்த வருஷம் அந்தப் போஸ்டரைச் சுவரில் காணோம். அதற்கடுத்த வருஷமும். டீமையும் காணோம்.

அவர்கள் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மையாகிவிட்டது. அதைப் பாராட்டு என்று நினைத்துக் கைதட்டினோமே, அது பாராட்டுதானா?

இதே வாக்கியத்தைப் பெரிய அளவில் சொல்லிப் பார்த்த ஊர் ஒன்று இருக்கிறது. ராஜபாளையத்துக்கு அது ஒரு வகையில் தூரத்துச் சொந்தம். இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதியில் இருக்கும் பிளாக்பர்ன். பஞ்சும் நூலும் தறியுமாக வளர்ந்த ஊர். 1931-ல் இங்கிலாந்து போன காந்தி, அந்நியத் துணி பகிஷ்காரத்தால் வேலையிழந்த மில் தொழிலாளர்களைப் பார்க்கப் போனாரே டார்வன், அதற்குப் பக்கத்து ஊர்தான்.

அந்த ஊர் டீம் பிளாக்பர்ன் ரோவர்ஸ். 1875-ல் ஆரம்பித்தது. பழம்பெருமை நிறைய; 1914-க்குப் பிறகு லீக் பட்டம்தான் இல்லை. ஜாக் வாக்கர் என்று உள்ளூர்க்காரர் ஒருவர் இரும்புத் தகடு வியாபாரத்தில் பெரும் பணம் சம்பாதித்தவர். சின்ன வயதிலிருந்தே ரோவர்ஸ் பைத்தியம். 1991-ல் கிளப்பைத் தன் கைக்குக் கொண்டு வந்தார். சேர்மன் நாற்காலியில் வேறொருவர் இருந்தாலும், ஊருக்கு ஜாக்தான் எல்லாம். கென்னி டால்கிலீஷை மேனேஜராகக் கூட்டி வந்தார். ஆலன் ஷியரரைப் பெரும் விலை கொடுத்து வாங்கினார். மைதானத்தையே மாற்றிக் கட்டினார். 1995 மே மாதம், கடைசி நாள் ஆட்டத்தில் லிவர்பூலிடம் தோற்றும்கூட, போட்டியில் இருந்த மான்செஸ்டர் யுனைடெட் வேறோர் ஊரில் டிரா செய்ததால் ரோவர்ஸ் சாம்பியன். 81 வருஷக் காத்திருப்பு முடிந்தது. பெரிய மனிதர் அழுதார், ஊரும் அழுதது.

2000 ஆகஸ்டில் ஜாக் வாக்கர் இறந்துபோனார். மைதானத்துக்கு வெளியே சிலை வைத்தார்கள். கேலரிக்கு அவர் பெயர். ரசிகர்கள் அவரை 'அங்கிள் ஜாக்' என்றார்கள். சினிமா நடிகருக்கு நாம் 'அண்ணன்' போடுவதுபோல, பணக்காரரை அவர்கள் குடும்பத்தில் ஒருவராக்கிக்கொண்டார்கள்.

கதையின் அடுத்த பாதியில்தான் நம் நாடு வருகிறது.

வாக்கர் விட்டுப்போன குடும்ப அறக்கட்டளை பத்து வருஷம் கிளப்பை வைத்திருந்தது. 2010 நவம்பரில் விற்றது. வாங்கியவர்கள் நம் புனேயின் வெங்கீஸ். ஆமாம், கோழிக் கம்பெனிதான். வந்த சில வாரங்களிலேயே, பட்டியலில் பதின்மூன்றாவது இடத்தில் டீமை வைத்திருந்த மேனேஜரை அனுப்பினார்கள். வீரர்கள் கோழிக்கால் கடிக்கிற விளம்பரம் வந்தது. 2012 மே மாதம் கீழ் டிவிஷனுக்கு இறங்கிய அன்று, ரசிகர்கள் மைதானத்துக்குள் ஒரு உயிருள்ள கோழியை அவிழ்த்துவிட்டார்கள். உலகமே சிரித்தது. 2017-ல் இன்னும் ஒரு படி கீழே, மூன்றாவது டிவிஷனுக்குப் போனது கிளப். அடுத்த வருஷம் ஒரு படி ஏறி வந்தது. அவ்வளவுதான்.

அந்த வருஷங்களில் பிளாக்பர்ன் ரசிகர்கள் ஜாக்கை நினைத்து உருகியது நியாயம்தான். 'அவர் இருந்திருந்தா இப்படி நடக்குமா?' நடந்திருக்காது. ஆனால், கிளப்பை விற்பதா, யாருக்கு விற்பது என்று கேட்கும்போது சபையில் கை தூக்க அந்த ரசிகனுக்கு ஓர் இடம் இருந்ததா? இல்லை. நல்லவர் கையில் இருந்தபோதும் இல்லை; மற்றவர் கைக்குப் போனபோதும் இல்லை. நல்லவர் இருந்தபோது அது தேவைப்படவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கோழிக்காலில் சிரிப்பு இருக்கிறது. சிலைக்கும் கோழிக்கும் நடுவில் இருக்கிற கோட்டைத்தான் யாரும் பேசுவதில்லை.

'அது வெளிநாட்டுக் கதை' என்பவர்களுக்கு பஞ்சாப் கதை. ஃபக்வாராவில் ஜே.சி.டி. என்று ஒரு துணி மில். 1971-ல் அது ஆரம்பித்த கால்பந்து டீம், 1996-97-ல் நடந்த முதல் தேசிய லீக்கை ஜெயித்தது. ஐ.எம். விஜயனும் பாய்சுங் பூட்டியாவும் ஆடிய டீம். பின்னாளில் சுனில் சேத்ரியும் ஆடினார். 2011-ல் மில் நிர்வாகம் டீமைக் கலைத்தது. நாற்பது வருஷத்தை ஒரு அறிக்கையில் முடித்துவிட்டார்கள். முதலாளி பணம், முதலாளி முடிவு. சட்டப்படி தப்பே இல்லை. கேலரியில் நாற்பது வருஷம் தொண்டை கிழியக் கத்தியவன் கணக்கில் மட்டும் ஒன்றும் இல்லை.

நமக்கு, நாற்காலி என்றால் ஆயுள் முழுக்க என்பது பழகிய விஷயம். ராஜபாளையத்திலேயே பாருங்கள். 1936-ல் ராஜபாளையம் மில்லை ஆரம்பித்த பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1962-ல் மறைந்ததும் பொறுப்புக்கு வந்தவர், மகன் ராமசுப்பிரமணிய ராஜா. 2017-ல் மறையும் வரை, 55 வருஷம். ஆனால் அது கம்பெனி. போர்டு இருக்கிறது, பங்குதாரர் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார். அடுத்து யார் என்ற கேள்விக்கு ஒரு தாளில் பதில் இருக்கும். ஒரு கால்பந்து டீமுக்கு? தலைவர் சட்டைப்பைதான் ஆபீஸ். கணக்கு அவர் மனசில். மைதானத்துக்கு அனுமதி வாங்கித் தரும் ஆளின் போன் நம்பர் அவர் செல்போனில். அவர் போனால் எல்லாம் போச்சு.

"வாழ்நாள் முழுக்கக் கைக்காசு போட்ட மனுஷனைப் போய்க் குறை சொல்றீங்களே சார்?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அவரைச் சொல்லவில்லை. அவரைச் சுற்றி நின்ற நம்மைச் சொல்கிறேன். அவர் செலவு செய்யச் செய்ய, நாம் கைதட்டினோம். வருஷத்துக்கு நூறு ரூபாய் சந்தா கேட்டிருந்தால் கொடுத்திருப்போமா? 'அதெல்லாம் அவர் பாத்துக்குவாரு' என்றோம். அவரும் பாவம், பார்த்துக்கொண்டார். வள்ளல் என்று ஒருவரைக் கூப்பிட்டுவிட்டால், நம் பர்ஸை வெளியே எடுக்க வேண்டாம். அந்தச் சௌகரியத்துக்குத்தான் நாம் 'நன்றி' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

ஜெர்மனியில் 1998-லிருந்து ஒரு விதி. பெரிய லீக்கில் ஆடும் கிளப்பில், ஓரிரு விதிவிலக்கு தவிர, பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்கள் கையில் இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய பணக்காரர் வந்தாலும் அவர் விருந்தாளி, வீடு ரசிகனுடையது. அங்கேயும் சண்டை உண்டு, தோல்வி உண்டு. ஆனால், ஒருநாள் காலையில் எழுந்து பார்த்தால் கிளப் வேறு யார் கையிலோ இருக்கும் என்ற பயம் குறைவு.

ஜெர்மனி தூரம் என்றால், ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குங்கள். 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவாவைத் தனியார் கடைகளோடு சேர்ந்து அங்கே கூட்டுறவுச் சங்கமும் போடுகிறது. கூட்டுறவு என்றால் என்ன? பால் ஊற்றுகிறவர்தான் உறுப்பினர். நோட்டில் அவர் பெயர் இருக்கும். தலைவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் போன மறுநாள் காலையிலும் கேனில் பால் வந்தாக வேண்டும், வரும். அல்வாத் துண்டு மாதிரி சின்ன விஷயம். ஆனால் ஒரு டீமுக்கு வேண்டியதும் அதேதான்: ஒரு நோட்டு, அதில் நூறு பெயர், வருஷத்துக்கு ஒரு கூட்டம், கணக்கை உரக்கப் படிக்க ஒருத்தர்.

அந்த நினைவுக் கூட்டத்தை இப்போது மறுபடி யோசித்தால், பேச்சுகளில் ஒரு குறையும் இல்லை. புரோட்டாவும் பூட்ஸும் அவரை உயிரோடு கொண்டு வந்தன. எந்தக் கல்வெட்டும் அதைச் செய்யாது. குறை, யாரும் கேட்காத ஒரு கேள்வியில் இருக்கிறது. 'நாளைக்குக் காலையில அஞ்சு மணிக்கு கிரவுண்டைத் திறக்கப் போறது யாரு?'

உங்கள் ஊர் டீமின் தலைவர் இன்னும் இருக்கிறாரா? ரொம்ப சந்தோஷம். இந்த வாரமே போய்ப் பாருங்கள். மாலை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். நூறு ரூபாயும் ஒரு நோட்டும் கொண்டு போங்கள். ஒருநாள் அவர் படத்துக்கு முன்னால் மைக் பிடிக்கும்போது, அவர் கேட்டால் நிஜமாகவே சந்தோஷப்படுகிற வாக்கியத்தை அப்போதுதான் சொல்ல முடியும்:

"அவரு இல்ல. டீம் இருக்கு."