ராஸ்வெல் செய்தியும் கதையும்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்திலுள்ள ராஸ்வெல் நகரை உலகறியச் செய்தது, 1947ஆம் ஆண்டு ஜூலை 8ஆம் நாள் வெளிவந்த ஓர் அறிக்கையாகும். பறக்கும் தட்டு ஒன்று தம் கைக்குக் கிடைத்திருப்பதாக அங்குள்ள இராணுவ விமானத்தளமே அறிவித்தது. அன்றே தளபதி ரேமி, அது வானிலை பலூனின் சிதைவே எனக் கூறிவிட்டார். செய்தி அத்துடன் அடங்கிற்று. முப்பது ஆண்டுகள் கழித்து அது கதையாக எழுந்த வகையே ஆராயத்தக்கது.

எக்கதைக்கும் மூலபாடம் ஒன்று உண்டு. இதற்கு மூலபாடம், சிதைவுகளைக் கண்டெடுத்த பண்ணைக்காரர் பிரேசல் கூறியதாக ஜூலை 9ஆம் நாள் உள்ளூர் நாளிதழ் வெளியிட்ட செய்தியே. ரப்பர்ப் பட்டைகள், ஈயத்தாள், தடித்த காகிதம், குச்சிகள். அனைத்தும் சேர்ந்து ஏறத்தாழ 5 பவுண்டு எடை. பூக்கள் அச்சிடப்பெற்ற ஒட்டுநாடாவும் இருந்ததாம். வேற்றுலகத்தார் உடல்களைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

1978இல், சிதைவுகளை எடுத்துச் சென்ற மேஜர் மார்செல் தம் நினைவுகளை வெளியிட்டார். 1980இல் ‘ராஸ்வெல் நிகழ்ச்சி’ என்னும் நூல் வந்தது. ஈயத்தாள் கசக்கியும் கசங்காத உலோகமாயிற்று. பூநாடா புரியாத எழுத்தாயிற்று. உடல்களைப் பற்றிய பகுதியோ இன்னும் மெலிந்தது: வேறோர் இடத்தில் கண்டதாக, நூல் வெளிவருமுன்பே மறைந்துவிட்ட ஒருவர் சொன்னதாக, அவர் நண்பர்கள் சொன்னது! செவிவழிச் செய்தியைக் கண்கூடாகக் கொள்வது எந்த ஆய்வு முறையோ? 1995இல் வந்த உடற்கூறு ஆய்வுப் படமும், பின்னாளில் எடுக்கப்பெற்ற போலிப் படைப்பே என்பது 2006இல் அதனை வெளியிட்டவர் வாய்மொழியாலேயே தெளிவாயிற்று.

எனினும் ஐயுற்றவர்களை முற்றிலும் பேதையர் எனத் தள்ளுதல் முறையன்று. தாம் கண்டது வானிலை பலூன் அன்று என்று பிரேசலே அழுத்தமாகக் கூறியிருந்தார். மறைக்கப்பட்டதும் உண்மையே. சோவியத் நாட்டின் அணுகுண்டுச் சோதனை ஒலியை வானின் உயரத்திலிருந்து கேட்பதற்காக, ஒலிவாங்கிகளைத் தாங்கிய பலூன் வரிசைகளை ‘மொகல்’ என்னும் கமுக்கத் திட்டத்தின்கீழ் அமெரிக்கா ஏவி வந்தது. அச்சிதைவு பெரும்பாலும் இதனுடையதே என 1994இல்தான் விமானப்படை தெரிவித்தது. 47 ஆண்டு மௌனம் கட்டுக்கதைக்கு நல்ல உரமன்றோ?

1997ஆம் ஆண்டு அறிக்கையோ அத்துணை வலுவுடையதன்று. மக்கள் கண்டதாகச் சொல்லும் உடல்கள், வான்குடைச் சோதனைக்குப் பயன்பட்ட மனித உருப் பொம்மைகளாகலாம் என்கிறது அது. அச்சோதனைகள் நடந்தவை 1950களில். காலம் பிறழ்ந்த நினைவு என்று கூறி அவ்வறிக்கை அமைதி காண்பதை ஐயுறுவோர் ஏற்கவில்லை, ஏற்குமாறும் இல்லை.

பூநாடாவின் நிலை வேறு. மொகல் திட்டத்தில் பணியாற்றிய அறிஞர் சார்லஸ் மூர், அப்பலூன்களில் கட்டிய ரேடார் இலக்குகளில் பூ வடிவ நாடா ஒட்டப்பட்டிருந்தது என்றும், அவற்றைச் செய்து தந்தது ஒரு பொம்மை நிறுவனம் என்றும் கூறினார். இதுவும் பிற்கால நினைவுதான். ஆயினும் இது 1947ஆம் ஆண்டு நாளிதழோடு பொருந்துகிறது. புரியாத எழுத்து பொருந்தவில்லை.