சர்ச், சபை, எக்லேசியா

எங்கள் சங்கத்துப் பெரியவர்கள் கேட்டுக்கொண்டதால் எழுதப்படும் கட்டுரை இது. சீகன்பால்கு, பப்ரிசியுஸ், ரேனியஸ், பெர்சிவல், பவர் என்ற தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பாளர் வரிசை உறுப்பினர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இறைவனைக் குறிக்கப் பராபரனா, தேவனா, கடவுளா என்ற பழைய வழக்கையும் இங்கே கிளறவில்லை.

புதிய ஏற்பாட்டுச் சொற்களை ஆராய்வதில், கிரேக்கத்தை மூலத்திலேயே பார்ப்பது ஒரு பள்ளி. ஆங்கிலத்தின் தோளில் ஏறிப் பார்ப்பது இன்னொன்று. இருக்கன்குடிப் பக்கத்து மாணவர்களுக்குப் பாடம் சொன்ன ஆசிரியர் முதல் பள்ளிக்காரர். கேம்பிரிட்ஜில் படித்து, வட திருநெல்வேலியில் கூடாரமிட்டு ஊழியம் செய்து, 1858இல் சிவகாசியில் மறைந்த ராக்லாந்தைத் தம் முன்னோடியாகச் சொல்லிக்கொள்வார்.

'சர்ச்' பாடம்தான் அவருடைய கைவரிசை. அந்த ஆங்கிலச் சொல்லின் வேர் 'குரியாகோன்': ஆண்டவருக்குரியது. புதிய ஏற்பாடு சொல்வதோ 'எக்லேசியா': ஏதென்ஸ் குடிமக்கள் கூடிய பேரவைக்கும் அதுதான் பெயர். 1526இல் டின்டேல் தம் ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் 'கூட்டம்' என்ற பொருளில் வேறு ஆங்கிலச் சொல்லைப் போட்டார். பழைய திருச்சபையின் பக்கம் நின்ற தாமஸ் மோர் அதற்குச் சீறினார். ஜேம்ஸ் மன்னர் காலத்து மொழிபெயர்ப்பாளர்களுக்கோ 'சர்ச்' என்பதை மாற்றக் கூடாதென்றே விதி. தமிழுக்கு அந்தச் சிக்கல் இல்லை. 1871இன் ஐக்கிய மொழிபெயர்ப்பில் 'சபை' நேராக உட்கார்ந்தது. கட்டடத்துக்கு நம் பக்கத்தில் 'கோவில்' என்ற சொல் இருக்கவே இருக்கிறது.

அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்தில் எபேசுவில் கூச்சலிட்ட கூட்டத்துக்கும், முறைப்படி கூடும் ஊரவைக்கும் கிரேக்கத்தில் 'எக்லேசியா'தான். "ஆடி கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி ஆற்றங்கரையில் திரளுவதும் கூட்டம், ஊர்ப் பொதுவில் உட்கார்ந்து வரவுசெலவு கேட்பதும் கூட்டம். இடம் பார்த்துச் சொல்லுங்கடே" என்பார் ஆசிரியர்.

இன்றைய மேடைகளில் சிலர் (யாரையும் குறித்துச் சொல்லவில்லை, உழைப்பாளிகளும் இருக்கிறார்கள்) 'எக்லேசியா என்றால் வெளியே அழைக்கப்பட்டவர்கள்' என்று ஒரே போடாகப் போடுகிறார்கள். 'எக்' வெளியே, 'கலேயோ' அழை, கணக்கு முடிந்தது! வேரைப் பிரித்தால் பொருள் வந்துவிடுமா? எபேசுவில் கத்தியவர்களை எங்கிருந்து யார் அழைத்தார்கள்? அகராதியைத் திறப்பாரில்லை, செல்போனைத் திறக்கிறார்கள்.

இப்படிச் சொற்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் பழைய வேதாகமப் பதிப்புகள் உறுப்பினர் வீடுகளில் பரணில் கிடக்கலாம். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடும் முன், சங்கத்துப் பெரியவர்களிடம் ஒருமுறை காட்டும்படி கேட்டுக்கொள்கிறோம்.